கிராண்ட்ல எஃப்டிஐஆர் வாங்கப் போறோம், என்னென்ன முன்னாடியே கேட்டு வைக்கணும்?

டெல்டா_கெமிஸ்ட்ரி
செவ்வாய், இரவு 9.14

எல்லாருக்கும் வணக்கம். டெல்டா பக்கம் ஒரு அரசுக் கல்லூரி, வேதியியல் துறை. எம்எஸ்சி இருக்கு, பிஎச்டி பசங்க ஏழு பேர். கருவி வாங்க ப்ரொப்போசல் எழுதுற வேலையை ஹெட் என் தலையில கட்டிட்டாங்க. லிஸ்ட்ல முதல்ல எஃப்டிஐஆர் (அகச்சிவப்பு ஒளியை விட்டு சாம்பிள்ல என்ன இருக்குன்னு பாக்குற கருவி), அடுத்து ஒரு யூவி-விசிபிள், ரெண்டு ஸ்மார்ட் போர்டு. மூணு கம்பெனி கொட்டேஷன் கைக்கு வந்தாச்சு.

என் பயம் வேற. பக்கத்துத் துறையில ரொம்ப வருஷம் முன்னாடி வாங்கின ஒரு கருவி துணி போர்த்தியே இருக்கு. ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பாங்க, கல்லூரித் தரத்தை மதிப்பிடுற நாக் டீம் வர்ற அன்னிக்குத் துணியை எடுப்பாங்க. நடுவுல அதுக்கு வேலை கிடையாது. நம்ம மெஷினும் அப்படி ஆகக்கூடாதுன்னா இப்பவே எதைக் கேட்டு வைக்கணும்? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

பிப்பெட்_மணி
செவ்வாய், இரவு 10.02

மேடம், நான் ஒரு பல்கலைக்கழகத்துல லேப் டெக்னீஷியன். 22 வருஷ சர்வீஸ். எஃப்டிஐஆர்னு பாத்ததும் வயிறு கலங்கிடுச்சு, அதனால இது நீளமா வரும்.

எங்க மெஷின் வந்து இன்ஸ்டால் ஆகி எட்டாவது மாசம். நாங்க கடலோரம். அந்த பில்டிங்ல சாயங்காலம் அஞ்சரைக்கு வாட்ச்மேன் மெயின் ஆஃப் பண்ணிட்டுப் போவார். கரண்ட் பில்லைக் குறைக்கணும்னு மேலேருந்து ஆர்டர், அவர் மேல தப்பு இல்லை. ஏசியும் போச்சு, மெஷினுக்குப் போற லைனும் போச்சு. பொங்கல் லீவு அஞ்சு நாள். திரும்பி வந்து பாத்தா பேக்ரவுண்ட் சிக்னல் பாதிகூட இல்லை. இன்ஜினியர் வந்து மூடியைத் திறந்து டார்ச் அடிச்சுக் காட்டினார். உள்ள ஒளியை ரெண்டாப் பிரிக்கிற பீம் ஸ்ப்ளிட்டர், பொட்டாசியம் புரோமைடு. அதுவும் ஒரு உப்புதானே மேடம். மழைக்காலத்துல சமையக்கட்டு உப்பு ஜாடி எப்படி ஆகும், அதே மாதிரி பூத்துப் போயிருந்துச்சு.

மாத்த மூணு லட்சத்துக்கு மேல கொட்டேஷன். வாரண்டியில வராது, "சைட் கண்டிஷன் சரியில்லை"ன்னு எழுதிட்டாங்க. அந்த மூணு லட்சத்துக்கு ஃபைல் போய்த் திரும்பி வர ஒண்ணேகால் வருஷம். அதுக்குள்ள ரெண்டு ஸ்காலர் தீசிஸே முடிச்சுட்டாங்க, வெளியில காசு குடுத்து ஸ்பெக்ட்ரம் எடுத்து.

அதனால ஆர்டர் போடும்போதே ஈரத்துக்குத் தாங்குற ஜிங்க் செலினைடு ஆப்டிக்ஸ் இருக்கான்னு கேளுங்க. விலை கொஞ்சம் கூட, கீழ் எல்லையில ரேஞ்ச் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. சாம்பிளை அப்படியே மேல வச்சு அளக்குற டைமண்ட் ஏடிஆர் கண்டிப்பா சேருங்க. ஐப்பசி மாசம் சாம்பிளை கேபிஆரோட (அதே பொட்டாசியம் புரோமைடு) கலந்து பெல்லட் போட்டா எல்லா ஸ்பெக்ட்ரத்துலயும் 3400 பக்கம் அகலமா ஒரு பள்ளம் வரும். பசங்க ஹைட்ராக்சில் க்ரூப் வந்துருச்சுன்னு சந்தோஷமா எழுதிட்டு வருவாங்க. அது வெறும் தண்ணி மேடம்.

முக்கியமா ஒண்ணு: 24 மணி நேரமும் அந்த ஒரு லைன்ல கரண்ட் இருக்கணும்.

ஆறாவது_வருஷ_பிஎச்டி
செவ்வாய், இரவு 11.40

நான் எதிர்க்கட்சி. வாங்கவே வாங்காதீங்க.

சிரிக்காதீங்க, கணக்குப் போட்டுத்தான் சொல்றேன். உங்க ஏழு பேரும் எம்எஸ்சி ப்ராஜெக்ட் பசங்களும் சேர்ந்தா வருஷத்துக்கு எத்தனை சாம்பிள் வரும்? முந்நூறு? நல்ல நிலைமையில இருக்கிற எஃப்டிஐஆருக்கு அது மூணு வார வேலை. காரைக்குடி சிக்ரிக்கு (மத்திய மின்வேதியியல் ஆய்வகம்) பஸ் ஏறினா உங்க ஊர்லேருந்து சில மணி நேரம். ஐஐடி மெட்ராஸ்ல வெளி ஆளுங்களுக்கும் டெஸ்ட் பண்ணித் தர்ற சாய்ஃப் மையம் இருக்கு. 2020-லேருந்து ஐ-ஸ்டெம் போர்ட்டல் இருக்கு, எந்த ஊர்ல எந்த மெஷின் இருக்குன்னு தேடிப் பதிவு பண்ணலாம். நான் எக்ஸ்ஆர்டி, செம் எல்லாமே வெளியிலதான் எடுத்தேன். சாம்பிளை எப்பன்டார்ஃப் ட்யூப்ல போட்டு, பஞ்சு சுத்தி, ஹார்லிக்ஸ் டப்பாவுல அடைச்சு கூரியர் பண்ணியிருக்கேன்.

ஊருக்கு ஊர் ஒரே மெஷின் வாங்கி, எல்லா ஊர்லயும் துணி போர்த்தி வைக்கிறதுக்கு அந்தக் காசை டெஸ்டிங் சார்ஜுக்குன்னு குடுத்தா என்ன?

டெல்டா_கெமிஸ்ட்ரி
புதன், காலை 7.25

மணி அண்ணே, ரொம்ப நன்றி. உப்பு ஜாடி உவமையை அப்படியே ஹெட் கிட்ட சொல்லப் போறேன்.

பிஎச்டி தம்பி, ஆராய்ச்சிக்கு நீங்க சொல்றது சரியா இருக்கலாம். ஆனா எம்எஸ்சி பொண்ணுங்களை யோசிங்க. பாதிப் பேர் வீட்டுல காரைக்குடிக்குத் தனியா அனுப்ப மாட்டாங்க. இப்ப நான் ஐஆர் பாடம் நடத்துறது போர்டுல படம் வரைஞ்சுதான். கார்பனைல் பீக் 1700-ல வரும்னு மனப்பாடம் பண்றாங்க. ஒரே ஒரு தடவை தானே அசிட்டோன் ஒரு சொட்டு வச்சு அந்தப் பீக் எழுந்து நிக்கிறதைப் பாத்தா அது மறக்குமா? கூரியர்ல போய் வர்ற ஸ்பெக்ட்ரத்துல அது கிடைக்காது.

ஆறாவது_வருஷ_பிஎச்டி
புதன், காலை 8.10

அக்கா, சரண்டர். அப்ப எஃப்டிஐஆர் பாடத்துக்காக வாங்குங்க, சின்னதா, முரட்டுத்தனமா தாங்குறதா. பெரிய மாடல் வேண்டாம். ஆராய்ச்சிக்கு வேண்டியதை வெளியில பாத்துக்கலாம்.

சென்னை_சர்வீஸ்
புதன், பகல் 1.33

நான் கம்பெனி பக்கம், சர்வீஸ் இன்ஜினியர். எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க.

எங்களை எல்லாரும் திட்டுவாங்க. ஆனா நாங்க இன்ஸ்டால் பண்ண வந்து திரும்பிப் போற காரணத்துல பாதி, எர்த்திங். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல மீட்டர் வச்சுப் பாத்தா ரெண்டு வோல்ட்டுக்குள்ள இருக்கணும்னு கேப்போம். நான் ஒரு இடத்துல 19 பாத்திருக்கேன். எர்த் குழி எங்க இருக்குன்னு கேட்டா யாருக்கும் தெரியலை. கடைசியில சைக்கிள் ஸ்டாண்டுக்கு அடியில இருந்துச்சு, மேல சிமெண்ட் போட்டு மூடியிருந்தாங்க. மெஷின் நாலு மாசம் பெட்டியிலயே இருந்துச்சு. அந்த நாலு மாசமும் வாரண்டி ஓடுது, ஏன்னா பர்ச்சேஸ் ஆர்டர்ல "டெலிவரி தேதியிலிருந்து"ன்னு இருந்துச்சு. "இன்ஸ்டலேஷன் முடிச்சுக் கையெழுத்துப் போட்ட தேதியிலிருந்து"ன்னு எழுதுங்க மேடம். எங்க சேல்ஸ் ஆளுங்க முகம் சுளிப்பாங்க, ஆனா ஒத்துக்குவாங்க.

அப்புறம் ட்ரெய்னிங். ரெண்டு நாள் குடுப்போம். முதல் நாள் இருபது பேர் போட்டோவுக்கு நிப்பாங்க. ரெண்டாவது நாள் ஒரு ஸ்காலர் இருப்பார். மெஷின் அந்த ஸ்காலரோடது. அவர் டிகிரி வாங்கிட்டுப் போனதும் எனக்கு போன் வரும், "சாஃப்ட்வேர் பாஸ்வேர்டு என்ன சார்?"

கணக்குப்பிரிவு_ரிட்டயர்டு
புதன், இரவு 8.47

நான் ஒரு மாநிலப் பல்கலையின் கணக்குப் பிரிவில் சூப்பரின்டென்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவன். இழையில் எல்லாரும் ஃபைலைத் திட்டுகிறீர்கள். ஃபைலின் பக்கத்திலிருந்து ஒருவன் பேசட்டும்.

மத்திய அரசு நிதி தலைப்புப் பிரிந்து வரும். சம்பளம் 36, பொது 31, மூலதனச் சொத்து 35. உங்கள் எஃப்டிஐஆர் 35-இல் வரும். அதன் ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்), சிலிக்கா ஜெல், கண்ணாடிச் சாமான், பீம் ஸ்ப்ளிட்டர் எல்லாம் 31. 35-இல் மிச்சம் இருக்கிறதே, அதில் ஏஎம்சி கட்டலாமே என்று எத்தனை பேராசிரியர் என் மேஜைக்கு முன் நின்றிருக்கிறார்கள் தெரியுமா? நான் கையெழுத்துப் போட்டால் மூன்று வருஷம் கழித்து ஆடிட் அப்ஜெக்ஷன் என் பென்ஷனில் வந்து நிற்கும்.

வழி என்ன? ப்ரொப்போசலிலேயே "ஐந்தாண்டு விரிவான வாரண்டியுடன் கூடிய கருவி" என்று ஒரே விலையாகக் கேளுங்கள். வாரண்டி கருவியின் விலைக்குள் போய்விட்டால் அது 35. தனியாக ஏஎம்சி என்று எழுதினால் 31. பொருள் ஒன்றுதான், எழுதுகிற இடம்தான் வேறு. திட்டம் மூன்று வருஷம், வாரண்டியும் மூன்று வருஷம் என்றால், ரெண்டும் ஒரே மாசத்தில் முடியும். அதற்கப்புறம் கருவிக்கு அப்பா அம்மா இல்லை.

வரியைக் கவனியுங்கள். ஆராய்ச்சிக் கருவிக்கு முன்பு ஜிஎஸ்டி 5 சதவீதச் சலுகை இருந்தது. 2022 ஜூலையில் அது போய்விட்டது, இப்போது 18. பழைய ப்ரொப்போசலைக் காப்பி அடித்து எழுதினால் 25 லட்சம் கருவிக்கு மூணேகால் லட்சம் துண்டு விழும். அப்படித் துண்டு விழுந்து, ஏடிஆர் வேண்டாம் என்று வெட்டின ஃபைலை நானே பார்த்தேன்.

கொள்முதல் விதியை 2025 ஜூனில் மத்திய அரசு தளர்த்தியது. கொட்டேஷன் இல்லாமல் வாங்கும் வரம்பு 1 லட்சத்திலிருந்து 2 லட்சம், கமிட்டி வைத்து வாங்குவது 25 லட்சம் வரை, அரசுக் கொள்முதலுக்கான ஜெம் போர்ட்டலுக்கு வெளியே வாங்கவும் நிறுவனத் தலைவருக்கு அதிகாரம். பேப்பரில் படித்துவிட்டு நமக்கும் அப்படியே பொருந்தும் என்று இறங்காதீர்கள். மாநிலத்துக்கு 1998-ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது. உங்கள் அலுவலகத்தில் எந்த விதி நடக்கிறது என்று முதலில் எழுத்தில் வாங்குங்கள்.

மார்ச் 31 பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஜீரோ பேலன்ஸ் கணக்கு வந்த பிறகு செலவாகாத பணம் உங்களிடம் தங்காது. ஜனவரியில் நிதி வந்து மார்ச்சில் டெண்டர் முடிப்பது நடக்கிற காரியம் இல்லை. செப்டம்பருக்குள் ஸ்பெசிஃபிகேஷனை எழுதித் தயாராக வைத்திருங்கள், நிதி வந்த அன்றே டெண்டர் போகட்டும்.

பிப்பெட்_மணி
புதன், இரவு 9.20

ஐயா, 31-35 விஷயத்தை 22 வருஷத்துல ஒருத்தர்கூட எனக்கு இப்படிச் சொன்னதில்லை. இதுவரைக்கும் கணக்குப் பிரிவுன்னா வேணும்னே இழுத்தடிக்கிறாங்கன்னுதான் நினைச்சேன்.

கணக்குப்பிரிவு_ரிட்டயர்டு
புதன், இரவு 9.31

சில நேரம் வேண்டுமென்றேயும் இழுத்தடித்திருக்கிறோம். அது வேறு கதை.

ஓய்வு_வாத்தியார்
வியாழன், காலை 5.50

இழையை முழுக்கப் படித்தேன். 1979-இல் விரிவுரையாளராகச் சேர்ந்தவன், பௌதிகம். கொஞ்சம் பழங்கதை பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் யுஜிசி பல பல்கலைகளில் யூசிக் என்று ஒரு கருவி மையம் வைத்தது. பல்கலைக்கழக அறிவியல் கருவி மையம். வேலையே, உடைந்ததைச் சரிசெய்வது. லேத் இருக்கும், எலெக்ட்ரானிக்ஸ் பெஞ்ச் இருக்கும், கண்ணாடி ஊதுகிறவர் ஒருவர் இருப்பார். எங்களுடையவரிடம் வாக்குவம் லைன் உடைந்தது என்று காலையில் போனால், வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து பர்னரைப் பற்றவைப்பார். மத்தியானத்துக்குள் குழாய் கையில். ட்யூப்பைத் திருப்பிக்கொண்டே ஊதுகிற அந்த விரல்களைப் பார்க்கவே மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போவேன். அவர் ரிட்டயர் ஆனார். கூடவே அவருடைய போஸ்ட்டும் ரிட்டயர் ஆகிவிட்டது. அந்த அறை இப்போது தேர்வுத்தாள் கட்டு வைக்கிற இடம்.

நிதி குறைவு என்று பேசுவோம். பேசவேண்டியதுதான். நாடு ஆராய்ச்சிக்குச் செலவிடுவது ஜிடிபியில் 0.64 சதவீதம். ஆனால் மத்திய அரசுத் திட்டங்களில் வந்த நிதியும் வந்திருக்கிறது. 2000-இல் ஃபிஸ்ட் வந்தது, 2009-இல் பர்ஸ் வந்தது, 2013-இல் ரூசா வந்தது. எல்லாத் திட்டத்திலும் கருவிக்குக் காசு உண்டு, ரிப்பன் வெட்டப் படம் உண்டு. அந்தக் கருவிக்குப் பக்கத்தில் இருபது வருஷம் நிற்கப்போகிற ஒரு மனிதனுக்கு நிரந்தரச் சம்பளம் மட்டும் எதிலும் இல்லை. ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட் என்று மூன்று வருஷத்துக்கு ஒருவரை எடுப்போம். அவர் மெஷினின் குணத்தைப் புரிந்துகொள்ளவே ஒரு வருஷம். மூன்றாவது வருஷம் வேறு வேலை தேட ஆரம்பித்துவிடுவார், நியாயம்தானே?

அறிவியல் தொழில்நுட்பத் துறைக்கு இது தெரியாமல் இல்லை. 2022-இல் ஸ்ரீமன் என்று வழிகாட்டு நெறிகள் வெளியிட்டார்கள், கருவியைப் பகிர்வது, பராமரிப்பது பற்றி. படித்துப் பாருங்கள், நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். மணி மாதிரி ஒரு ஆள் இல்லாமல் அதைச் செய்வது யார்? இப்போது அனுசந்தான் அறக்கட்டளை வந்திருக்கிறது, ஐந்து வருஷத்தில் 50,000 கோடி என்கிறார்கள், பெரும்பங்கு தனியாரிடமிருந்து வரவேண்டும். தனியார் நிதி புதிது இல்லை. தம்பி சாம்பிள் அனுப்பின சிக்ரி, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்ததால் காரைக்குடிக்கு வந்தது. 1948-இல் அடிக்கல், 1953-இல் திறப்பு. அந்த 15 லட்சத்தால் அது இன்றுவரை ஓடவில்லை. வருஷா வருஷம் சம்பளமும் செலவும் சிஎஸ்ஐஆர் கொடுத்தது, அதனால் ஓடுகிறது. நன்கொடையாளருக்குக் கட்டடத்தில் பேர் போடலாம். ஏஎம்சி ரசீதில் யார் பேரைப் போடுவது?

யாழ்_பெடியன்
வியாழன், பகல் 12.18

வணக்கம். நான் யாழ்ப்பாணம். இஞ்சை எங்கடை கதை கொஞ்சம் வேறை, ஆனா வாசிக்கேக்கை எங்கடை லாப்தான் கண்ணுக்குள்ளை வந்தது.

2022 இலை டொலர் இல்லாமல் போன நேரம் ஒரு சின்ன பார்ட் கூட இறக்கேலாது. மார்ச் கடைசியிலை ஒரு நாளைக்குப் பதின்மூண்டு மணித்தியாலம் கரண்ட் கட். மைனஸ் எண்பது ஃப்ரீசருக்கு முன்னாலை பெடியள் முறை வைச்சு இருந்தவை. கதவைத் திறக்க விடேல்லை, ஜெனரேற்றருக்கு டீசல் கிடைக்குமோ எண்டு வரிசையிலை வேறை நிண்டது.

நல்லதும் ஒண்டு சொல்லவேணும். 2020 கொரோனா நேரம் எங்கடை எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் பொதுவான லேர்ன் நெற்வேர்க் கைகுடுத்தது. சூம் அதுக்குள்ளாலை ஓடினது. டெலிகொம் கொம்பனியள் பல்கலைக்கழக சேர்வருக்குப் போற டேற்றாவுக்குக் காசு எடுக்கேல்லை. ஃபோன் மட்டும் வைச்சிருந்த பிள்ளையளும் வகுப்புக்கு வந்தவை. ஆளுக்கொரு லாப்டொப் குடுக்கக் காசு இல்லாத நாடு, பொதுவிலை இருந்த ஒரு கம்பியாலை சமாளிச்சது. அந்தக் கம்பியைப் பாக்கிற ஆக்கள் முதலே வேலையிலை இருந்தவை, அதுதான் முக்கியம் எண்டு நான் நினைக்கிறன்.

ஆறாவது_வருஷ_பிஎச்டி
வியாழன், பகல் 2.05

யாழ் அண்ணன் சொல்றது மாதிரி நம்ம பக்கமும் பொதுவுல செஞ்சது ஓடுது. ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் 2025 ஜனவரியில ஆரம்பிச்சது. மூணு வருஷத்துக்கு 6,000 கோடி, 30 பதிப்பாளர், கிட்டத்தட்ட 13,000 ஜர்னல். முந்தி ஒரு பேப்பருக்காக ஐஐடியில இருக்கிற ஃப்ரெண்டுக்கு நைட்டு பதினொரு மணிக்கு மெசேஜ் போடுவேன். இப்ப அது போயே போச்சு. காலேஜுக்குக் காலேஜ் தனியா சந்தா கட்டச் சொல்லியிருந்தா இது நடந்திருக்குமா? அரசுக் கல்லூரின்னா உங்க லைப்ரரியன் இன்ஃப்ளிப்நெட்ல பதிவு பண்ணிட்டாங்களான்னு பாருங்க அக்கா. பண்ணாத இடம் எனக்குத் தெரிஞ்சே ரெண்டு இருக்கு.

ஸ்மார்ட் போர்டு பத்தி யாருமே பேசலையே?

டெல்டா_கெமிஸ்ட்ரி
வியாழன், மாலை 6.40

பேசத் தயக்கமா இருந்துச்சு. ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. பேனா தொலைஞ்சு போச்சு, விரலால தொட்டா ரெண்டு இஞ்ச் தள்ளிக் கோடு விழுது. இப்ப அதுல ப்ரொஜெக்டர் அடிச்சு நடத்துறோம், வெள்ளைச் சுவர் கணக்கா.

எங்களுக்கு நிஜமா உபயோகமா இருந்தது ஒரு பழைய டெஸ்க்டாப். கொரோனா நேரத்துல ஒரு ஸ்காலர் அதுல மூடுல்னு ஆன்லைன் வகுப்பு சாஃப்ட்வேர் போட்டுக் குடுத்தார். வினாத்தாள், லேப் மேனுவல், வைவா கேள்வி எல்லாம் அதுல. காசே செலவாகலை. அவர் போஸ்ட்டாக்குக்குக் கொரியா போனாரு. ஆறு மாசத்துல டிஸ்க் ஃபுல் ஆச்சு, ரீஸ்டார்ட் பண்ணினோம், திரும்பி வரலை. அட்மின் பாஸ்வேர்டு கேட்டு அவருக்கு மெயில் போட்டேன். "என் பழைய நோட்டோட கடைசிப் பக்கத்துல இருக்கு மேடம்"னு பதில் வந்துச்சு. நோட்டை அவங்க அம்மா பழைய பேப்பர்காரருக்குப் போட்டுட்டாங்களாம்.

சென்னை_சர்வீஸ்
வியாழன், இரவு 7.12

இதைத்தான் நேத்து சொன்னேன் 😂

பிப்பெட்_மணி
வியாழன், இரவு 8.30

மேடம், ஸ்மார்ட் போர்டு காசுல ஒரு யூபிஎஸ், ஈரம் உறிஞ்சுற டீஹ்யூமிடிஃபையர் ஒண்ணு, ரெண்டு பேட்டரி மாத்து. போர்டு இல்லாட்டி சாக்பீஸ்ல நடத்திக்கலாம். மெஷினுக்கு அப்படி மாத்து வழி இல்லை.

லாக் புக் ஒண்ணு கட்டாயம் வைங்க. நோட்டு, பேனா, நூல் கட்டி. யார், எத்தனை மணிக்கு, என்ன சாம்பிள், அறை ஈரப்பதம் எவ்வளவு. கம்ப்யூட்டர்ல வேண்டாம். அடுத்த ப்ரொப்போசலுக்கு "இத்தனை மணி நேரம் ஓடிச்சு"ன்னு காட்ட அந்த நோட்டுதான் சாட்சி.

ஓய்வு_வாத்தியார்
வியாழன், இரவு 9.05

டிபிடியின் (மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை) ஸ்டார் காலேஜ் திட்டத்தையும் ஒரு கண் பாருங்கள் அம்மா. 2008 முதல் இருக்கிறது, இளங்கலை லேபுக்கு. பெரிய கருவிக்கு ஆசைப்படாமல், கண்ணாடிச் சாமானுக்கும் ரசாயனத்துக்கும் செய்முறைப் பயிற்சிக்கும் கொடுக்கிற நிதி. எனக்குத் தெரிந்து துணி போர்த்தப்படாத திட்டம் அதுதான்.

டெல்டா_கெமிஸ்ட்ரி
ஞாயிறு, மாலை 5.15

அப்டேட். வெள்ளிக்கிழமை ஹெட்டோட உக்காந்து திருத்தினோம். சின்ன மாடல் எஃப்டிஐஆர், ஜிங்க் செலினைடு, டைமண்ட் ஏடிஆர், அஞ்சு வருஷ வாரண்டி ஒரே விலையில, கையெழுத்துப் போட்ட தேதியிலிருந்து. ஜிஎஸ்டி 18. ஸ்மார்ட் போர்டு ரெண்டும் அவுட். யூபிஎஸ், டீஹ்யூமிடிஃபையர் இன். ஸ்டார் காலேஜுக்குத் தனியா எழுதறோம்.

டெக்னீஷியன் போஸ்ட் கேட்டு ஒரு பத்தி எழுதினேன். ஹெட் படிச்சுட்டு, "இதை எடுத்துரும்மா, இதுக்காகவே ஃபைல் திரும்பி வரும்"னாங்க. நான் எடுக்கலை. கடைசிப் பக்கத்துல வச்சிருக்கேன்.

எர்த் குழியைத் தேடிப் பாத்தோம். எங்களோடது மல்லிகைச் செடிக்கு அடியில இருக்கு. 7 வோல்ட் காட்டுது.

ஒரு உதவி: ராத்திரியும் அந்த லைன் ஆஃப் ஆகக்கூடாதுன்னு பிரின்சிபாலுக்கு லெட்டர் எழுதணும். யார்கிட்டயாவது மாடல் இருக்கா?

பிப்பெட்_மணி
ஞாயிறு, இரவு 8.50

லெட்டர் போடுங்க மேடம், அது ஃபைலுக்கு. மெயின் போர்டுல அந்த லைனோட எம்சிபி ஸ்விட்ச்சுக்கு மட்டும் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுத்தி, "கை வைக்காதே – வேதியியல்"னு தமிழ்ல எழுதி ஒட்டுங்க. வாட்ச்மேன் அண்ணனை ஒரு நாள் லேபுக்குக் கூப்பிட்டு, மெஷினைக் காட்டி, டீ வாங்கிக் குடுங்க. எங்க ஊர்ல லெட்டருக்கு நடக்காதது அதுக்கு நடந்துச்சு.

எர்த் குழியில கரியும் உப்பும் போட்டுத் தண்ணி ஊத்தணும். மல்லிகைச் செடியை முதல்ல வேற இடத்துல மாத்தி நட்டுருங்க, உப்புல கருகிடும்.